மாடுதான் குடித்திருந்ததாம்

மலையடிவாரத்தில் இருக்கும் மோஷி ஊர் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் நான் மாவுக்கட்டுப் போடுகிறவன். பதினாறு வருடமாக அதே வார்டில் நர்ஸாக இருப்பவர் அனயேலி. அவர் ஒருவரைத் திட்டினால் வார்டுக்கே கேட்கும். குடித்துவிட்டு விழுந்து வந்தவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் உரக்கவே கேட்கும்.

“ஒரு கால் பத்தலையா? மிச்சம் இருக்கிறதையும் கொண்டு வந்து கொடுக்கப் போறியா?”

திட்டு வாங்கியவர்கள் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொள்வார்கள். காயம் ஆறியதும் வீட்டுக்குப் போய்க் குடிப்பார்கள். சிலர் நிஜமாகவே இன்னொரு காலையும் ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதுதான் அனயேலியை அரித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். குடியால் அடிபட்டு வந்தவர்களிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். திட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். அவ்வளவுதான். பயிற்சி கொடுத்த டாக்டரம்மா முதல் நாள் முடிவிலேயே சொல்லிவிட்டார்: “அனயேலி, மத்தவங்களுக்கு நான் பேசக் கத்துக்கொடுக்கிறேன். உங்களுக்கு மட்டும் நிறுத்தக் கத்துக்கொடுக்கணும்.”

அந்த வாரமே வந்து சேர்ந்தான் கௌடென்ஸ். முப்பது வயது, பைக் டாக்ஸி ஓட்டுபவன். மலைச்சரிவில் இறங்கும்போது வாழைத்தோட்டத்து வாய்க்காலுக்குள் வண்டியோடு போய் விழுந்திருந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. உள்ளே கம்பி வைத்துச் சேர்த்திருந்தார்கள்.

அனயேலி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் ஒரு கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எப்படிப்பா விழுந்தே?”

“குறுக்கே மாடு வந்துச்சு சிஸ்டர். நான் நிதானமாத்தான் வந்தேன். மாடுதான் குடிச்சிருந்துச்சு.”

வார்டே சிரித்தது. சிரிப்பை அடக்கியதில் அனயேலிக்கும் உதடு துடித்தது. எங்கள் ஊரில் ம்பேகே என்னும் வாழைப்பழக் கள் காய்ச்சிய வீடுகளில் மண்டியை மாட்டுக்குத்தான் போடுவார்கள். அனயேலியின் அம்மாவே அதைக் காய்ச்சி விற்றுத்தான் நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

“சரி, மாடு எவ்வளவு குடிச்சிருக்கும்?”

“மாடா? ஒரு... நாலு குடுவை.”

“காலையிலயா?”

“மாட்டுக்கு ஏது சிஸ்டர் நேரம் காலம்?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமா, காலையிலதான்” என்றான்.

அனயேலி வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“குடியைக் குறைக்கணும்னு மனசுல எவ்வளவு இருக்கு? பத்துக்குச் சொல்லு.”

“மூணு.”

“ஏன் மூணு? ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. விட்டத்தைப் பார்த்தான். அனயேலி குறுக்கிடாமல் உட்கார்ந்திருந்தார், பாவம், எப்படித்தான் தாங்கினாரோ.

“விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அம்மாவைச் சந்தை முக்குல இறக்கிவிட்டேன் சிஸ்டர். நெஞ்சோட குழந்தையைக் கட்டியிருந்தாங்க. அது என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வந்துச்சு. அவங்க இறங்கலைன்னா...” அவன் முடிக்கவில்லை. “ரெஸ்டிட்யூட்டாகிட்டக்கூட இதைச் சொல்லலை.” ரெஸ்டிட்யூட்டா அவன் மனைவி.

அனயேலி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்போ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?”

அவனே யோசித்துச் சொன்னான். வண்டி ஓடும் நாளில் ஒரு சொட்டும் கிடையாது. ஞாயிறு மட்டும் இரண்டு குடுவை. அன்றைக்குச் சாவி மனைவியிடம். அனயேலி அதை ஒரு தாளில் எழுதி, அவனையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவன் வீட்டுக்குப் போன பிறகு வாரம் ஒரு முறை அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். “கால் எப்படி? மாடு எப்படி?” என்று. “ரெண்டும் நல்லா இருக்கு” என்று பதில் வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பதிலே வரவில்லை. மலையில் பிறந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பி, வீட்டுக்கு வீடு குடுவை சுற்றும் காலம் அது. அனயேலி அந்த வாரம் முழுக்க என்மேல் எரிந்து விழுந்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் மலைமேல் அனயேலியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. நானும் போயிருந்தேன். வாழைக்காயும் ஆட்டிறைச்சியும் கொதிக்கிற வாசனை. யாரையோ இறக்கிவிட வந்த பைக்கிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவன் கௌடென்ஸ். எதிரே கையில் குடுவையோடு அனயேலி!

“சிஸ்டர்! மாடு இங்கேயும் வந்துடுச்சா?”

அனயேலிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “அம்மா காய்ச்சினது. ஒண்ணே ஒண்ணு” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.” சிரித்தபடி உட்கார்ந்து சோடா கேட்டான். கொஞ்சம் கழித்து அவனாகவே சொன்னான்: “கிறிஸ்துமஸ்ல நாலு நாள் தவறிட்டேன் சிஸ்டர். அதான் பதில் போடலை.”

“அஞ்சாம் நாள் என்னாச்சு?”

“ரெஸ்டிட்யூட்டாகிட்ட அந்தக் குழந்தையைப் பத்திச் சொன்னேன். அழுதா. நல்லா நாலு சாத்தும் சாத்தினா.”

அனயேலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல பொண்ணு” என்றார்.

கிளம்பும்போது, “என்னைக் கீழே கொண்டுபோய் விடுப்பா” என்று பைக்கில் ஏறப் போனார். கௌடென்ஸ் கையை நீட்டித் தடுத்தான்.

“குடிச்சவங்களை நான் ஏத்தறதில்லை. சரிவுல பின்னாடி சாய்ஞ்சுடுவாங்க. ஒரு மணி நேரம் இருந்து சாப்பிட்டுட்டு வாங்க.”

“டேய், ஒரு குடுவைடா!”

“இருங்க சிஸ்டர்.”

அனயேலி முணுமுணுத்துக்கொண்டே போய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தட்டு இறைச்சி வாங்கிக்கொண்டார்.