நெல்லிமரத்தடி மண்

அத்தா சவூதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே முதலாளி மாறியதில் சம்பளம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் என்று ஆகிவிட்டது. அந்த வருடம், இனிமேல் கறிவேப்பிலையைக்கூடக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று அம்மா முடிவெடுத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. தேவகோட்டையில் ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்சுவரை ஒட்டியிருந்த சின்ன ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். கொல்லை என்று கொஞ்சம் இடம் இருந்தது. முழுக்கச் சரளை. கடப்பாறையைப் போட்டால் மணி அடித்த மாதிரி சத்தம் வரும், மண் வராது.

அம்மா அசரவில்லை. கட்டட வேலை நடந்த இடத்தில் வெற்றுச் சிமெண்டுச் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தாள். பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், தம்பியின் கிழிந்த பள்ளிக்கூடப் பை எல்லாம் தொட்டிகள் ஆயின. முற்றிய கத்தரிக்காயைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எதுவும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவை செடிகள்தான்.

ஆனால் சாக்குகளை நிரப்ப மண் இல்லை. விலைக்கு ஒரு டிராக்டர் மண் இறக்க வழியும் இல்லை.

பெரிய வீட்டுச் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அதைக் காவல் காத்தவர் இறந்துபோன பிறகு சாவிக்கொத்து அவர் மனைவியின் இடுப்புக்கு வந்திருந்தது. நாங்கள் அவளைச் சாவி அத்தை என்போம். அதிகம் பேசமாட்டாள். அம்மா கேட்டபோது, "தோட்டத்துல குப்பையும் சருகுமாத்தேன் கெடக்கு. வேணுங்கறத அள்ளிக்கங்க தாயி" என்று சொல்லிவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காகக் கல்லலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பின்சுவரில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அதற்குப் பக்கத்தில் மழையில் சரிந்த இடைவெளி வழியாகத்தான் நான் இரும்புச் சட்டியோடு நுழைந்தேன். சருகு அள்ளச் சொல்லி அனுப்பியிருந்தாள் அம்மா. நான் அதைவிட நல்லதைக் கண்டுபிடித்தேன். மூலையில் ஒரு நெல்லிமரம். அதன் அடியில், ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, செங்கல் துண்டுகளை வரிசையாகப் பதித்த ஓர் இடம். உள்ளே மண் கருப்பாக, கையால் தோண்டினாலே வந்தது. ஏழு சட்டி அள்ளினேன். மண்ணோடு கருப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கண்ணாடி மணிகள் வந்தன. கழுவி, நூலில் கோத்து, மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். செங்கல்லையும் விட்டுவைக்கவில்லை. கீரைப் பாத்திக்கு வரப்பாக உதவியது. அம்மா என் சாமர்த்தியத்தை மெச்சி, ஒரு முட்டையை முழுதாக எனக்கே அவித்துத் தந்தாள்.

அந்த மண் ஐந்து சாக்குகளுக்கு வந்தது. ஐந்திலும் கத்தரி நட்டோம். மற்றத் தொட்டிகளில் செடிகள் நோஞ்சானாக நிற்க, இந்த ஐந்தும் என் தோள் உயரத்துக்கு வந்தன. இலைகளில் ஒரு பூச்சி இல்லை. முதல் காய்ப்பைக் குழம்பு வைத்தபோது தம்பி மூன்று தரம் சோறு கேட்டான். அதற்குள் ஊர் திரும்பியிருந்த சாவி அத்தைக்கும் அம்மா ஒரு கூடை கொடுத்தனுப்பினாள். அவள் வாங்கி, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கத்தரி ஆகாது" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் ஊர் திரும்பிய பிறகுதான் அது தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. அன்று அப்படிச் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. காலையில் நாங்கள் எழும்போது அந்த ஐந்து சாக்குகள் மட்டும் ஈரமாக இருக்கும். பக்கத்துத் தொட்டிகளில் மண் வெடித்துக் கிடக்கும். பனியாக இருக்கும் என்றாள் அம்மா. பனி ஐந்து சாக்கைப் பார்த்தா இறங்கும் என்று கேட்டேன். பிறகு ஒருநாள் தூக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. வார்த்தை இல்லாத, ஒரே இடத்தில் ஏறி இறங்கும் சத்தம். அம்மாவும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கே சுவர் இடைவெளியில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாள். ஓதி எங்கள் மேல் ஊதினாள். மறுநாள் முள் போட்டது போட்டபடி இருந்தது. சாக்குகள் நனைந்திருந்தன. அவற்றின் மேல்மண் யாரோ உள்ளங்கையால் நீவி விட்டதுபோல வழவழப்பாக இருந்தது.

பயத்தைவிட ஆசை எனக்குப் பெரிது. ஒரு விடியற்காலை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த கையோடு, கொல்லைப் பக்க ஜன்னலைத் திறந்தேன். பூட்டியே கிடந்த மரக்கதவு திறந்திருந்தது. சாவி அத்தை சாக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு. முனகிக்கொண்டே, நடுச்சாக்கின் பக்கவாட்டில் மெல்ல, விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"எந்திரிச்சிட்டியா தாயி. எத்தனை சட்டி அள்ளுன?"

"ஏழு" என்றேன்.

"அஞ்சு சாக்குத்தேன் இருக்கு."

"மிச்சத்த முருங்கை மூட்டுல கொட்டிட்டேன்."

அவள் எழுந்து போய் முருங்கை மூட்டில் சொம்பைக் கவிழ்த்தாள். "அப்ப எல்லாம் இங்குட்டுத்தேன் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிடுங்கப்போகிறாள் என்று நினைத்தேன். தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கட்டி, "அவுந்துறாமப் பாத்துக்க" என்றாள். நான் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்துவந்த அம்மா என்னை விலக்கிவிட்டு வெளியே போனாள். நான் சுவரோரம் நின்று கேட்டேன்.

"வீட்டை வித்துட்டாக தாயி. அடுத்த வாரம் இடிக்க வாராக. மெஷினு வந்து தோட்டத்தத் தோண்டுனா நான் என்னத்தச் சொல்லித் தடுப்பேன்? ஒம்மக அள்ளுனது நல்லதாப் போச்சு."

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா? அதுல காச்சத எம்புள்ளைக தின்னுருச்சுகளே."

சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தின்னட்டும். புள்ளைகதானே" என்றாள் சாவி அத்தை. "அங்குட்டு ஒத்தையில கெடந்துச்சு. இங்குட்டுப் புள்ளைக சத்தம் கேக்குது."

அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு பெண் பிறந்து, மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டதையும், வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாமல் புருஷன் அந்த நெல்லிமரத்தடியில் புதைத்ததையும் அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். அன்று, நல்ல மண் மெஷினில் வீணாகிவிடுமே என்று அத்தை கவலைப்படுவதாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதனால் வெளியே வந்து, "மிச்ச மண்ணையும் அள்ளிட்டு வந்துரவா அத்தை?" என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "சட்டிய எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

மரக்கதவு வழியாக மூன்று பேரும் போனோம். அத்தை மண்வெட்டியைத் தொடவிடவில்லை. கையால்தான் தோண்டினாள். நான்கு நடை நானே சுமந்தேன். பள்ளம் என் முழங்கால் அளவு ஆனதும், குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். திரும்பி வந்தபோது கடைசிச் சட்டி நிரம்பியிருந்தது. மேலே அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

அதைத் தூக்க நான் கை நீட்டினேன். அத்தை தரவில்லை. சட்டியை இடுப்பில் ஏந்தி, துணி விலகாமல் அணைத்துக்கொண்டு, குண்டுகுழி பார்த்து அடி அடியாக நடந்தாள். சித்தாள்கள் சட்டி சுமப்பதைப் பார்த்துப் பழகிய எனக்குச் சிரிப்பு வந்தது.

"தலையில வைங்க அத்தை. இடுப்புல வச்சா கனக்கும்."

"கனமே இல்ல தாயி" என்றாள், நடையை நிறுத்தாமல்.

கனமில்லாத ஒன்றை எதற்காக இரண்டு கையாலும் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே, தண்ணீர்ச் சொம்போடு நான் பின்னால் போனேன்.