நடுவில் சய

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் நேரே சந்திக்குப் போய்விடுவேன். அங்கேதான் காசு கொடுத்துப் போன் கதைக்கும் கொமினிக்கேசன் கடை இருந்தது. கனடாவில் அப்போது சனி இரவு. வேலையால் வந்ததும் என் புருஷன் போன் எடுப்பார்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஒழுங்காகச் சேர்ந்து இருக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் போனவர். "போய்ச் சேர்ந்த உடன உம்மையும் அங்க கூப்பிடுறன்" என்றுதான் போனார். நான் சொல்லும் காலம் அதற்குச் சில வருடங்களின் பின்னால். சமாதானம் என்று பாதை திறந்து, எங்கள் ஊர்காவற்றுறைக்கும் ஒரு போன் கடை வந்திருந்தது.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு போன், சுவரோடு ஒரு வாங்கு. வாங்கில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்குக் கிடையாது, நாங்கள் கதைப்பதுதான். இந்த நிலையில் புருஷனோடு என்னத்தைக் கதைப்பது? சுகமோ, சாப்பிட்டாச்சோ, குளிரோ. அதோடு சரக்கு முடிந்துவிடும். பிறகு அவர் "வேற?" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இனி வைக்கப் போகிறேன் என்பதற்கு மரியாதையான பேச்சு அது.

எனக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். எப்போது என்னைக் கூப்பிடுவீர்கள்? அத்தனை காதுகளுக்கு முன்னால் அதைக் கேட்க ரோசம் விடவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது பேஸ் கிற்றார். அவர் கோயில் பாடகர் குழுவில் வாசித்தது. போகும்போது அதன் சின்ன ஸ்பீக்கர் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் வருடம் தூசி தட்டினேன். தட்டுகிற நேரத்துக்கு வாசிக்கலாமே என்று பிறகு தொடங்கினேன். தனியே வாசிப்பதற்கு அதைப் போலப் பாவப்பட்ட வாத்தியம் இல்லை. மேலே ஒரு பாட்டு இல்லாவிட்டால், போனில் யாரோ மறுபக்கத்துக்கு ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனாலும் பின்னேரங்களில் வாசித்தேன். அந்த வீட்டில் வேறு குரல் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பெரிய புளுகம், குரலிலேயே சிரிப்புத் தெரிந்தது. பக்கத்து ஊரான சரவணைக்கு விடுமுறையில் வந்த ஒருவரிடம் மூன்று பெடல் கொடுத்தனுப்பினார். காலால் மிதித்தால் சத்தத்தின் குணத்தை மாற்றும் சின்னப் பெட்டிகள். ஒன்று சத்தத்தைச் சமப்படுத்தும், ஒன்று இன்னும் கீழே இறக்கும், ஒன்று அலைய வைக்கும்.

"பெடல் எண்டால் சைக்கிளுக்கோ அக்கா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணை.

அந்தப் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்க ஒன்றும் வரவில்லை. கனடா அடப்டர் நூற்றுப்பத்து வோல்ற்றுக்கானது, எங்கள் வீட்டில் செருகினால் புகைதான் வரும் என்று அவரே சொன்னார். முதலில் சதுரப் பற்றறி போட்டுப் பார்த்தேன். வயரைக் கழற்ற மறந்தால் விடிவதற்குள் செத்துக் கிடக்கும். பிறகு யாழ்ப்பாணம் போய், ரேடியோவுக்கு விற்கும் ஒன்பது வோல்ற்று அடப்டர் ஒன்றை வாங்கி வந்து செருகினேன். ஒரு வெளிச்சமும் வரவில்லை. அடுத்த ஞாயிறு போனில் அவரிடம் சொன்னேன்.

"அடப்டரில ஒரு வட்டம் கீறிக் கிடக்கும். நடுவில சகவோ, சயவோ?"

கையோடு கொண்டுபோயிருந்தேன். பார்த்தேன். நடுவில் கூட்டல் குறி, வெளியே கழித்தல் குறி. "சக" என்றேன்.

"செருகிப்போட்டீரோ?"

"ஓம்."

"எரிஞ்சு மணந்ததோ?"

"இல்லை."

"அப்ப தப்பிட்டுது. பெடலுக்கு நடுவில சய வேணுமப்பா. சக வெளியில இருக்கோணும்."

நான் வாய்விட்டு, "நடுவில சயவோ?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த கிழமையிலிருந்து அந்த வாங்கில் எனக்கு அதுதான் பெயர். "நடுவில் சய வாறா, இடம் விடுங்கோ" என்பார்கள். நானும் இருந்துகொள்வேன்.

நுனியைத் திருப்பிப் போடக்கூடிய அடப்டர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து மூன்று பெடலுக்கும் வயரைப் பிரித்துக் கொடுத்தேன். வேலை செய்தன, ஆனால் இரைச்சல். நான் கையை எடுத்த பிறகும் இரைந்துகொண்டே இருந்தது.

"ஒவ்வொண்டுக்கும் அடியில எத்தினை மில்லி அம்பியர் எண்டு கிடக்கும். எல்லாத்தையும் கூட்டிப் பாரும். அடப்டர் அதைவிடக் கூட இருக்கோணும். அது எவ்வளவு கூடினாலும் பிழையில்லை. வோல்ற்றுத்தான் கூடப்படாது."

கூட்டினேன். பெரிய அடப்டர் வாங்கினேன். அதுவும் இரைந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு அவர் துருவித் துருவிக் கேட்டார். வண்டு மாதிரி இரையுதோ, வள்ளம் மாதிரியோ? தூரத்தில் போகிற வள்ளம் மாதிரி என்றேன். அங்கே அவர் சிரித்தது இங்கே கேட்டது. மூன்றையும் ஒரே அடப்டரில் தொங்கவிட்டால் ஒன்றின் சத்தம் மற்றதற்குள் போகும் என்று விளங்கப்படுத்தினார். அந்த மாதங்களில் "வேற?" என்ற சொல் எங்களுக்கு நடுவில் வரவேயில்லை. எனக்கு ஒரு புருஷன் இருந்தார் என்றால் அந்த மாதங்களில்தான் இருந்தார்.

கடைசியில் சரியானதை அவரே தேடிப் பிடித்து அனுப்பிவைத்தார். கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வாய். உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேராது. பின்னால் ஒரு சின்னச் சுவிட்ச், நூற்றுப்பதினைந்து, இருநூற்று முப்பது என்று. இருநூற்று முப்பதில் விட்டு, மூன்றையும் தொடுத்து, கும்பிட்டுக்கொண்டு போட்டேன்.

இரைச்சல் இல்லை. ஒரு நூலும் இல்லை. தந்தியைத் தொட்டேன், சத்தம் வந்தது. கையால் பொத்தினேன், நின்றது. அப்படி நின்றபோது வீட்டில் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று தெரிந்தது. நான் இருந்து அழுதேன். அவர் எனக்குத் தேவையானதைச் சரியாகத் தேடி அனுப்பியிருந்தார், ஆனால் இனி எதைப் பற்றிக் கதைப்போம்?

இன்னும் இரையுது என்று சொல்லலாமோ என்று பூசை முழுக்க யோசித்தேன். கோயிலில் இருந்து பொய்க்குத் திட்டம் போடுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இரையுதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை."

"பாத்தீரோ! நான் சொன்னனான்தானே."

அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்க முதல், அத்தனை வருடமும் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"என்னை எப்ப கூப்பிடுவீங்கள்?"

வாங்கில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கடைக்கார அண்ணை மேசையில் எதையோ தேடத் தொடங்கினார். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. லைன் அவ்வளவு துப்புரவாக இருந்தது. பிறகு கேட்டார்.

"அந்தச் சுவிட்ச்... இருநூற்று முப்பதிலதானே விட்டிருக்கிறீர்?"

வாங்கில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னது கேட்டிருக்காது. நான் சொன்னதுதான் கேட்டது.

"ஓம்" என்றேன். "இருநூற்று முப்பதிலதான்."

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.