பட்டறையில் படித்த கொலைக் கதை

வருஷத்துக்கு ஒரு தடவை லாரியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். ரோட்டில் ஓடலாம் என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் பட்டறையில் விட்டு வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிக்க வேண்டும். எங்கள் பக்கம் அந்தப் பத்து நாளும் டிரைவர் வண்டியோடு இருப்பார். இல்லாவிட்டால் நல்ல டயர் போய்ப் பழைய டயர் வந்திருக்கும்.

சங்ககிரியில் நான் அப்படித்தான் காவல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் என் போன் கீழே விழுந்தது. அதன் மேல் வெல்டர் காலை வைத்தார். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

சீட்டைக் கழற்றினபோது அடியில் ஒரு பாக்கெட் நாவல் கிடந்தது. எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டினவருடையது. அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி.

நான் எட்டாவதோடு நின்றவன். பள்ளிக்கூடம் போன காலத்தில் வடை மடித்து வந்த பேப்பரைக்கூட விட மாட்டேன். எண்ணெய் பட்டு எழுத்து மறைந்திருந்தால் கோபம் வரும். லாரிக்கு வந்தபிறகு முப்பது வருஷம் படித்ததெல்லாம் கிலோமீட்டர் கல், டோல் ரசீது, முன்னால் போகிற வண்டியின் முதுகு.

ஒரு டயர் மேல் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. வாயை அசைத்துத்தான் படிக்க முடிந்தது. பத்தாம் பக்கத்தில் ஒரு டாக்டர் செத்தார். அதற்குமேல் வாய் அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. டீ வந்து ஆறியது. சாப்பிட்டாச்சா என்று பட்டறைக்காரர் கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஓனர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஜாக்கி எங்கப்பா?"

பார்த்தேன். இல்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். முன்பு நான் குடிப்பேன். அதனால் ஒரு வண்டி கையை விட்டுப் போனது. நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. யாரும் வண்டி தராதபோது இவர் தந்தார். ஒரு நாள் வாடை அடித்தாலும் சாவி திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார்.

"காவலுக்கு உக்கார வெச்சா என்னப்பா பண்ணீட்டிருந்தே?"

"படிச்சிட்டிருந்தேனுங்க."

"என்னத்த?"

"கதைப் புத்தகமுங்க."



"தண்ணியப் போட்டுட்டுப் படுத்துட்டேன்னு சொல்லு. நம்பறேன்."

பெயின்டர் சிரித்தார். ஓனர் கிட்டே வந்து ஊதச் சொன்னார். ஊதினேன். பெயின்ட் அடிக்கிற இடம். என் சட்டை, அவர் சட்டை, டீ கிளாஸ் எல்லாம் பெயின்ட்டில் கலக்கிற தின்னர் வாடை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதிலும் தின்னர்தான்.

"சாவியக் கொடு."

கொடுத்தேன். கூடவே புத்தகத்தையும் நீட்டினேன். நடுவில் பிரித்துப் பார்த்தார்.

"சரி, இந்த டாக்டரு எப்படிச் செத்தான்?"

பங்களா வாசலில் மேட்டில் நின்ற கார் உருண்டு வந்து இடித்தது என்றேன். யாரோ ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறது. ஆனால் முந்தின பக்கத்தில் வண்டி கியரில் நின்றது என்று போட்டிருக்கிறது. எழுதினவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றேன். அட்டையில் இருக்கிற கத்தி உள்ளே இதுவரை எங்கேயும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

ஓனரும் பழைய டிரைவர்தான்.

"கியர்ல நின்னா எப்படி உருளும்?" என்று டயர் மேல் உட்கார்ந்தார். "போலீசு யாரப் புடிச்சாங்க?"

"டிரைவரத்தானுங்க."

"பின்ன வேற யாரப் புடிப்பாங்க."

அப்போது வெல்டர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து லாரிக்குப் போட்டிருந்தாராம்.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்றார் ஓனர்.

"இந்த அண்ணனத்தானுங்க. நேத்து ஜாக்கி எடுத்துக்கட்டுங்களான்னேன். 'ம்'முன்னாரு. பொறவு 'அவன் பொய் சொல்றான்'னாரு. யாருன்னு கேட்டேன். பதிலே இல்லீங்க."

எனக்கு வெல்டர் வந்தது ஞாபகம் இல்லை. பொய் சொன்னவன் ஞாபகம் இருந்தது. டாக்டரின் மச்சினன்.

ஓனர் சாவியை என் கையில் வைத்தார்.

"கொன்னது யாரு?"

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குதுங்க."

"முடிச்சுட்டுச் சொல்லு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "டிரைவரா இருந்தா மட்டும் சொல்லாதே சாமி."

நாலு மணிக்கு முடித்தேன். பட்டறைக்காரர் போனை வாங்கிக் கூப்பிட்டேன்.

"டிரைவர் இல்லீங்க" என்றேன்.

"அது தெரியும்" என்று வைத்துவிட்டார்.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில் லோடு இறக்கினால் பழைய பேப்பர் கடையில் நாலு புத்தகம் எடுத்துக்கொள்கிறேன். கொலை இருந்தால் போதும். அடுத்த லோடு வரும்வரை படிப்பேன். பிரிப்பதற்கு முன்னால் ஜாக்கியைக் கேபினுக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன்.