ஜன்னலில் கிடந்த மல்லாட்டைத் தோல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வீடு மாறியதிலிருந்து என் நாய் கருப்பனுக்குத் தனியாக இருக்க பயம். கதவைச் சாத்தினால் தெருவே கேட்கும்படி ஊளையிடுகிறது.

"சத்தம் அடங்கலன்னா வேற வீடு பாத்துக்கோப்பா" என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார்.

அதனால் பயிற்சி. கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். அது அமைதியானதும் உள்ளே போய் பிஸ்கட் தர வேண்டும். அழும்போது மட்டும் எதுவுமே தரக் கூடாது. ஒழுங்காகத்தான் செய்தேன். அழுகை கூடிக்கொண்டே போனது.

இன்று காலை ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், கிடந்தது.

வேலைக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, மாடிப்படியில் மறைந்து நின்றேன். கருப்பன் ஊளையிட்டதும் ஓனரின் மனைவி கிண்ணத்தோடு ஓடி வந்தார். அவித்த மல்லாட்டையை உரித்து உரித்து, ஜன்னல் வழியே ஊட்டினார்.

"அம்மா, அழும்போது குடுக்காதீங்கம்மா. அப்புறம் அழுதுக்கினேதான் இருக்கும்."

"நீ பாட்டுக்குப் போய்ட்ற. அது கத்திக்கினு கெடக்குது, நான் சும்மா பாத்துக்கினு இருக்கட்டுமா? சரி போ, இனிமே குடுக்கல."

கேட்டைத் தாண்டினேன். ஊளை கேட்டது. உடனே நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலருகே அதே கிண்ணம்.

அழவைப்பது மனைவி, காலி பண்ணச் சொல்வது கணவர். நடுவில் நான் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிறேன்.

திண்டிவனத்தில் நாய் வைத்திருப்பவனுக்கு வீடு கொடுக்கும் கல்மனசு ஓனரம்மா யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.