மேசைக்கு வழிவிட்ட கதவு

நிஷ் நகரின் காலுறை ஆலையில் பணிபுரிந்த விதோசாவாவின் வீட்டில் வரவேற்பறை, படுக்கையறை என்ற வேறுபாடு கிடையாது. ஆறாவது மாடியில் வாயிற்கதவைத் திறந்து கால்வைத்தால் நேரே அந்த ஒரே அறைதான். தனியாக வாழ்ந்தவளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. அண்ணன் ரதீஷா வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து, குடும்பப் புனிதரான திமித்ரியின் படத்தை அவளிடம் ஒப்படைத்த பிறகுதான் அறை போதாமல் போயிற்று.

படத்தோடு ஸ்லாவாவும் வந்து சேர்ந்தது. குடும்பப் புனிதரின் நாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, வருவோர்க்கெல்லாம் விருந்திடுவது வழிவழியாக ஆண்மக்களின் கடமை. மணமாகாத பெண்ணொருத்தி அதை ஏற்பது எங்கள் பக்கத்தில் அரிது. அதைவிடக் கடினமானது மற்றொன்று: ஸ்லாவாவுக்கு எவரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர் தாமாகவே வரவேண்டும். ஆண்டுதோறும் அண்ணன் வீட்டுக்கு வந்தவர்கள் தன் படியையும் ஏறுவார்களா என்று விதோசாவாவால் கேட்கவும் முடியவில்லை. கேளாமல் உறங்கவும் முடியவில்லை.

அந்தக் கவலையையெல்லாம் அவள் அறையின்மீது செலுத்தினாள். கட்டிலை விற்று, பகலில் இருக்கையாக மடியும் சோபா ஒன்றை வாங்கினாள். பாதி இடத்தை அடைத்திருந்த துணி அலமாரியை ஆலைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு, உடைகளைச் சோபாவின் அடிப்பெட்டியில் அடுக்கினாள். சுவர்கள் வெண்ணெய் நிறம் பெற்றன. புனிதர் கிழக்குச் சுவரில்தான் இருக்கவேண்டும். ஆகவே அங்கிருந்த தொலைக்காட்சி, குளிர்பெட்டியின் தலைமேல் ஏறியது.

எதிர்வீட்டுக்காரரான புதிமிர், ரயில்வேப் பட்டறையில் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நாற்காலிகள் ஒவ்வொன்றாக மாடியேறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இதுல நீ படுக்கப் போறியா, இல்ல ஒரு படையவே உக்கார வைக்கப் போறியா?"

"வர்றவங்க உக்காரணும்ல அண்ணே."

"வரலேன்னா?"

விதோசாவா புதுத்திரையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

மேசை மட்டும் பழையது. பலகைகளைச் செருகினால் நீளும். தையல் நாடாவால் சுவருக்குச் சுவர் அளந்த பிறகே அதை வாங்கியிருந்தாள். புழங்க இடம் வேண்டுமென்று கடைசிப் பலகையை நிலவறையிலேயே வைத்திருந்து, திருநாளுக்கு முந்தைய மாலைதான் மேலே கொண்டுவந்தாள். மறுநாள் காலை கோயிலில் ரொட்டிக்கு ஆசி பெற்றுக்கொண்டு திரும்பியதும், கதவைச் சாத்திவிட்டுப் பலகையைப் பொருத்தினாள். அளவு இம்மியும் பிசகவில்லை. சர்க்கரையிட்ட கோதுமையையும், முட்டைக்கோசு இலையில் பொதிந்த இறைச்சியையும் பரப்பி, மேசை நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. ஓடிச்சென்று தாழ் நீக்கி இழுத்தாள். கதவு மேசை விளிம்பில் மோதி, ஒரு கையளவு திறந்து நின்றுவிட்டது. சுவர்களை அளந்தவள், கதவு உட்புறமாகத் திறக்கும் என்பதை மறந்திருந்தாள்.

இடுக்கின் வழியே அண்ணனின் நண்பர் ஜிவோயினின் மீசை தெரிந்தது. அவருக்குப் பின்னே அவர் மனைவியும், வேறு சில பழகிய முகங்களும்.

"தங்கச்சி, நாங்க ஒவ்வொரு விரலா உள்ள வரணுமா?"

மேசையை நகர்த்த இயலாது. ஏற்றிய சுடர் மாலைவரை அசையாமல் எரியவேண்டும். இடையில் அணைந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். விதோசாவாவின் கண்கள் நிறைந்தன. வருவார்களா என்று எத்தனையோ இரவுகள் ஏங்கினாள். வந்தவர்களை இப்போது அவளே வெளியே நிறுத்தியிருந்தாள்.

பேச்சுக்குரல் கேட்டுப் புதிமிர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார்.

"சுத்தியல் இருக்கா?"

"இறைச்சி தட்டுற கட்டைதான் இருக்கு."

"அது போதும். கீல்ல ஆணி தெரியுதா? கீழேர்ந்து மேல தட்டு. மெதுவா தட்டு, புனிதர் பாத்துக்கிட்டிருக்கார்."

அவர் இடுக்கின் வழியே சொல்லச்சொல்ல, அவள் கீலாணிகளைத் தட்டிக் கழற்றினாள். ஆண்கள் கதவைப் பக்கவாட்டில் சாய்த்து வெளியே உருவி, நடைச்சுவரில் நிறுத்தினர். சுடர் அசையவில்லை. விருந்தினர் ஒருவர்பின் ஒருவராக மேசை ஓரமாக ஒருக்களித்து நுழைந்து, அவளைக் கன்னத்தில் முத்தமிட்டு அமர்ந்தனர்.

புதிமிர் கைகளைத் துடைத்துக்கொண்டு தம் வீட்டை நோக்கித் திரும்பினார்.

"எங்க போறீங்க அண்ணே?"

"ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்புடக் கூடாதும்மா."

"நான் கூப்புடல. இங்க கதவு இல்ல, அவ்வளவுதான்."

அவர் தம் வீட்டுக்குள் போய், செருப்பை மாற்றிக்கொண்டு வந்தார். படியில் ஏறியவர்களும் இறங்கியவர்களும் அன்று மாலைவரை அந்தத் திறந்த வாசலில் தயங்கி நின்றார்கள். பெரும்பாலோர் தயக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. சோபாவின் கைப்பிடிகளிலும் ஆட்கள் இருந்தனர்.

மறுநாள் புதிமிர் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றி மாட்டினார். மேசையின் கடைசிப் பலகையை விதோசாவா மீண்டும் நிலவறைக்கு அனுப்பவில்லை.