உலர்பனிக்காரரின் இடது காது

டயர் தொழிற்சாலைக்கு உலர்பனி அடித்து அச்சுகளைச் சுத்தம் செய்ய வருகிறவர் பெற்ற மகளின் போனைக்கூட எடுக்க மாட்டாராம். எனக்குச் சொன்னவர் ஸ்டோர் கீப்பர். அவருக்குச் சொன்னது வேன் டிரைவர். டிரைவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "இதையெல்லாமா விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க?" என்பார். "இருபது வருஷமா பனியிலேயே கிடக்கிறாரில்ல, நெஞ்சும் உறைஞ்சு போச்சு" என்று ஸ்டோர் கீப்பர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

நான் நம்பினேன். கேன்டீனில் அவர் எப்போதும் சுவரை ஒட்டிய கடைசி நாற்காலியில், எல்லோர் முகமும் தெரியும்படி உட்காருவார். யாராவது ஜோக்கடித்தால், மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போதுதான் அவர் தொடங்குவார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கர்வம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் நிற்கும். மற்ற நாட்களில் சின்ன உதிரிகளைச் சுத்தம் செய்யும் அவருக்கு அன்றுதான் அச்சு அறையில் வேலை. பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் எனக்கும். உலர்பனி, அதாவது டிரை ஐஸ், உருகித் தண்ணீராவதில்லை, அப்படியே வாயுவாகிவிடும். மூடிய அறையில் அது மூச்சுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் இடுப்பில் ஒரு காற்றுமானி தொங்கும். நானும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு, டயர் வார்க்கும் அச்சு அறை வாசலில் நிற்க வேண்டும். அளவு மீறினால் இரண்டும் கத்தும். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவனைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

அரிசி அளவு பனித்துகள்களைத் தொட்டியில் கொட்டி, அழுத்தக் காற்றில் குழாய் முனையிலுள்ள நாசில் வழியே அச்சின் மேல் அடிப்பார். சூடான அச்சில் ஒட்டிக்கிடக்கும் ரப்பர் கசடு குளிர் பட்டதும் வெடித்து உதிரும். ஈரமில்லை, கீறலில்லை. ஆனால் பனி யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் வந்த பெட்டியில் மறுநாள் கால் பங்கு காணாமல் போயிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டீக்குக்கூட நிற்பதில்லை.

"எல்லாரும் மேனேஜருக்கு ஐஸ் வைக்கிறாங்க தம்பி, நான் மெஷினுக்கு வைக்கிறேன். அதான் இன்னும் நாசிலும் கையுமா நிக்கிறேன்" என்பார்.

ஐம்பத்து நான்கு வயது. முதலில் மணல் அடித்தார், பிறகு தண்ணீர், அப்புறம் பனி. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போய் ஆறு வருடம். மனைவியின் தம்பிதான் இவருக்கு மேற்பார்வையாளர். "பொண்டாட்டி போயிட்டா, மச்சான் போகமாட்டேங்கிறான்" என்பார். ஒருமுறை அவர் அறைக்குப் போயிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்க், ஒரே ஒரு தம்ளர். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல், கீழே எழுத்து மட்டும். தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்தார்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு, என்னிடம் கொடுத்துவைத்திருந்த அவருடைய போனில் 'மகள்' என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. அடுத்த பெட்டி எடுக்க வெளியே வந்தவரிடம் காட்டினேன். திரையை வெகுநேரம் பார்த்தார். "அப்புறம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஸ்டோர் கீப்பர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு மேல், காற்றை வெளியேற்றும் விசிறி நின்றுபோனது. என் கையிலிருந்த மானி கத்தியது. அவர் நாசிலை மூடி, இரைச்சலுக்குப் போடும் காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தொட்டியில் பனி கொட்டிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பிலிருந்ததும் வீறிட்டது. அவர் நிதானமாகக் கொட்டினார். "அண்ணே, வெளிய வாங்க" என்று கத்தினேன். முதுகு அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தோளைப் பற்றி இழுத்து வந்தேன்.

வெளிப்படியில் உட்கார்ந்தோம்.

"மானி கத்துச்சுண்ணே."

அவர் என் வாயைப் பார்த்தார். "எப்போ?"

அவர் இடுப்பிலிருந்த மானியைக் காட்டினேன். பிறகு அவரே சொன்னார். "பனி அடைச்சா குழாய் இருமும். கசடு விட்டுப்போச்சுன்னா சத்தம் மெலிசாயிடும். அது கேக்கணும்னு இடது பக்கத்து மூடியைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்குவேன். எல்லா நாசில்காரனும் செய்யறதுதான். இரைச்சல்ல அந்தக் காது போயே போச்சு."

"வலது?"

"மூத்த காது போன பின்னாடியே அதுவும் கிளம்பிடுச்சு. இப்ப கையில வர்ற அதிர்வை வச்சுத்தான் அடிக்கிறேன். மூஞ்சி பாத்தா பேசிடுவேன் தம்பி. போன்ல வாய் தெரியாதே. வீடியோவுல பாதி வார்த்தையில வாய் உறைஞ்சு நின்னுடுது."

மகள் முந்தின வாரம் அனுப்பிய செய்தியைக் காட்டினார். 'எழுதினது போதும்பா. உங்க குரல் வேணும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எடுக்கலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்.'

"சொல்லியிருக்கலாமே?"

"அவ அம்மாகிட்ட சொல்வா. அம்மா தம்பிகிட்ட சொல்வா. காது கேக்காதவன் கையில அவன் நாசில் கொடுப்பானா? இந்த வேலையும் இல்லைன்னா காலையில எழுந்து நான் எங்க போறது?"

"இன்னிக்கு நடந்ததை நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும்ணே. உங்களுக்குக் கேக்கலைங்கறதையும்."

அவர் கையுறைகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். "எழுது. எழுதலைன்னா அடுத்த தடவை நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டு வரணும். ஆனா அவ மாமன் வாயால இது அவளுக்குப் போகக் கூடாது. நானே சொல்லிடறேன்."

போனை என் பக்கம் நீட்டினார். "போட்டு ஸ்பீக்கர்ல வை. எடுத்ததும் தலையாட்டு, நான் பேசறேன். அவ என்ன சொன்னாலும் அப்படியே சொல்லணும். திட்டினா திட்டினபடியே. நீ நல்லவன்னு நடுவுல சர்க்கரை போடாத."

போட்டேன்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் எச்சில் விழுங்கியதைத் தலையாட்டல் என்று நினைத்தாரோ என்னவோ, "அம்மாடி, அப்பாதான்" என்று ஆரம்பித்துவிட்டார். அவசரமாகக் கையை ஆட்டி இல்லை என்றேன். நிறுத்தினார்.

"இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது."

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.