அம்மாவின் கையைக் காட்டுங்கள்

வீடியோ காலைக் கண்டுபிடித்தவருக்குக் கோயிலே கட்டலாம் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. என் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பேசுவதெல்லாம் கையால்தான். அம்பத்தூரில் வேலைக்கு வந்துவிட்டாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் திருமுல்லைவாயில் வீட்டிலிருக்கும் அவரைக் கூப்பிடுவேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு கையாலும் தெரு வம்பையெல்லாம் அளப்பார்.

ஆனால் அந்த வீடியோ காலைச் செய்தவர்களுக்கு எங்கள் ஞாபகமே இருந்திருக்காது. சிக்னல் குறைந்தால் முதலில் படத்தைத்தான் நிறுத்துகிறது, குரலைக் காப்பாற்றுகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து பேசினால் சத்தம் போடுகிறவர் முகத்தைப் பெரிதாக்குகிறது. அம்மா எப்போதும் ஓரத்துச் சின்னக் கட்டத்தில். எரிச்சலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை.

குடலில் ஆபரேஷன் முடிந்து, ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மா ஐசியூவில் இருந்தார். உள்ளே விடமாட்டார்கள். நான் கீழே உட்கார்ந்திருக்க, மேலேயிருந்து நர்ஸ் வீடியோ காலில் காட்டுவார். காது கேட்காது, கையால்தான் பேசுவார், கையைக் கவனியுங்கள் என்று சேர்க்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் கால் வந்தது. திரை முழுக்க அம்மாவின் முகம். கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. என்ன ஆச்சு என்று கையால் கேட்டேன். அம்மா கண்ணால் கீழே, கீழே என்று காட்டினார். நர்ஸிடம் போனை இறக்கச் சொன்னேன். இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

"கைய ஆட்டிக்கினே கீறாங்கக்கா. ட்யூப பிச்சிடப் போறாங்கன்னு கட்டிட்டோம்" என்றார் நர்ஸ்.

"உன் வாய்ல துணிய அடைச்சா நீ சும்மா இருப்பியா? அவுத்து வுடு மொதல்ல" என்று கத்தினேன். அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கட்டை அவிழ்த்தார்கள். அம்மா கையைத் தூக்கினார்; சரியாக அப்போது படம் நின்றுபோனது. நர்ஸின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது: "அம்மா நல்லா கீறாங்கக்கா, பயப்படாதீங்க." அந்தப் போனைத் தரையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

படம் திரும்பி வந்தது. அம்மா வயிற்றைத் தொட்டார், முஷ்டியை முறுக்கினார். திரும்பத் திரும்ப அதையே செய்துவிட்டு, கையைத் தோளுக்குப் பின்னால் காட்டி, மணிக்கட்டைச் சுற்றிக் காட்டினார்.

"இன்னாக்கா சொல்றாங்க?"

"வலிக்குதாம். நேத்துலேர்ந்து சொல்லிக்கினே இருந்தாங்களாம். அதுக்குத்தான் கைய கட்டுனீங்களாம்."